ஐந்து நிமிடத்தில் செய்து பார்த்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கோடைச் சிறப்பிதழில் 'விருந்தினருக்கு ஐந்தே நிமிடத்தில் பழ சீஸ் சாலட்' என்ற குறிப்பைப் படித்தேன். அதன் கடைசி வரி இது: "காலையிலேயே எல்லாவற்றையும் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், விருந்தினர் வந்ததும் நீங்களும் ஹாயாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்." அந்த வரியை நம்பித்தான் செய்தேன். மூன்று வாரமாகியும் அது மனதை விட்டுப் போகாததால் எழுதுகிறேன்.

என் மகனுக்கு நிச்சயமாகியிருக்கும் பெண்ணின் அப்பா, அம்மா, பாட்டி மூவரும் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டோம்பிவிலியிலிருந்து மாட்டுங்காவுக்கு எங்கள் வீட்டுக்கு முதல் முறையாகச் சாப்பிட வந்தார்கள். மே மாதத்து மும்பை உங்களுக்குத் தெரியாததல்ல. வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைக் கொல்லும். லோக்கல் ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்குச் சூடாகக் காபியை நீட்டுவதைவிட, குளிர்ச்சியாகத் தட்டில் ஏதாவது வைக்கலாமே என்று தோன்றியது. முந்தின நாள் மார்க்கெட்டுக்குப் போய் மூன்று கிலோவில் ஒரு கலிங்கட் (தர்பூசணிக்கு இங்கே அதுதான் பெயர்), ஒரு அன்னாசி, நாலு ஹாபூஸ் மாம்பழம், ஒரு கட்டு புதினா எல்லாம் வாங்கினேன். ஃபெட்டா சீஸ் 200 கிராம் டப்பாவுக்கு 400 ரூபாய்க்கு மேல் விலை சொன்னார்கள். "ஃபெட்டா இல்லாவிட்டால் பனீர் போடலாம், சுவையில் வித்தியாசம் தெரியாது" என்று நீங்களே போட்டிருந்ததால் பனீரையே வாங்கி வந்துவிட்டேன்.

காலை எட்டரைக்கு, நீங்கள் சொன்னபடி உப்பு, மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்த்துக் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். பதினொன்றரைக்கு வர வேண்டியவர்கள் மெகா பிளாக்கில் (தண்டவாள வேலைக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலை நிறுத்தி வைப்பது) மாட்டி ஒரு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். கிண்ணத்தை வெளியே எடுத்தால் பாதி வரை சிவப்புத் தண்ணீர். தர்பூசணித் துண்டுகள் ஓரம் சுருங்கிப் பஞ்சு மாதிரி மிதந்தன. வெள்ளைப் பனீர் ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தது. புதினா இலை கறுத்துக் கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஹாபூஸ் துண்டு இருந்த இடமே தெரியவில்லை, குழைந்து எல்லாவற்றின் மேலும் பூசியிருந்தது. ஒரு பனீர்த் துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். லேசாகக் கசந்தது.

அதை ஒளித்து வைக்கவும் வழியில்லை. "அம்மா இன்னைக்குப் புதுசா ஒண்ணு பண்ணியிருக்காங்க" என்று மகன் ஏற்கெனவே சொல்லிவிட்டான். அந்தப் பாட்டி ஒரு ஸ்பூன் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லம்மா, ஜூஸ் மாதிரி குடிச்சுக்கலாம்" என்றார். நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான். ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் அது தண்ணீர் விடாமல் என்ன செய்யும்? மாவடு போடுகிற வீட்டில் பிறந்த யாருக்கும் இது தெரியும். உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் வடு சுருங்கி, ஜாடி நிறையத் தண்ணீர் நிற்கும். எனக்கும் இது தெரிந்ததுதான். ஆனால் அச்சில் வந்திருக்கிறதே, செய்து பார்த்துத்தானே போட்டிருப்பார்கள் என்று நம்பினேன். அதுதான் என் மனத்தாங்கல்.

கசப்புக்குக் காரணம் அன்னாசி. வேக வைக்காத அன்னாசியில் புரதத்தைக் கரைக்கிற என்சைம் ஒன்று உண்டு. பால், தயிர், பனீர் எதுவானாலும் அதோடு கிடந்தால் கொஞ்ச நேரத்தில் கசக்க ஆரம்பிக்கும். உடனே சாப்பிட்டால் தெரியாது, நாலரை மணி நேரம் ஊறினால் தெரியும். இதை ஒரு வரி எழுதியிருக்கலாமே. இரண்டு வருடம் முன்பு நீங்கள் போட்ட அன்னாசித் தயிர்ப் பச்சடியும் இதே மாதிரி கசந்தது. அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். அது வெளிவரவும் இல்லை, பதிலும் இல்லை.

அப்புறம் அந்த "வித்தியாசம் தெரியாது" என்ற வரி. ஃபெட்டா கிரேக்க நாட்டுச் சீஸ். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002-லிருந்து கிரேக்கத்தில் செய்ததற்கு மட்டும்தான் அந்தப் பெயர் செல்லும். அதில் குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால் இருக்க வேண்டும், மீதிக்கு வெள்ளாட்டுப் பால் சேர்க்கலாம். இரண்டு மாதமாவது பக்குவப்பட வேண்டும். உப்பு நீரில் ஊறியே அதில் உப்பு ஏறுகிறது. நம்முடைய பனீர் இன்றைக்குப் பாலைத் திரித்து இன்றைக்கே அமுக்கி வைப்பது, அதில் உப்பே கிடையாது. பழத்தின் இனிப்புக்கு எதிராக ஓர் உப்புக் கடி வேண்டும் என்றுதானே அதில் சீஸே சேர்க்கிறார்கள்? அந்த உப்பை எடுத்துவிட்டு வித்தியாசம் தெரியாது என்றால் எப்படி? உப்புள்ள பனீர் இந்த ஊரிலேயே உண்டு. பார்ஸிக்காரர்கள் செய்கிற டோப்லி பனீர், சின்னக் கூடையில் உறைய வைத்து, உப்புப் போட்ட பனீர்த் தண்ணீரிலேயே மிதக்கவிட்டுத் தருவார்கள். எங்கள் பழைய கட்டடத்தில் பக்கத்து வீட்டு பார்ஸி அம்மா வருடத்துக்கு ஒரு முறை கொடுத்தனுப்புவார். வாயில் வைத்தால் கரையும்.

ஆனால் அதை நான் எல்லாருக்கும் வைக்க முடியாது. டோப்லி பனீரை ரென்னட் போட்டுத்தான் உறைய வைப்பார்கள். வெளிநாட்டுச் சீஸ் பலவற்றிலும் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னட் இருக்கும். உங்கள் குறிப்பின் தலைப்புக்குப் பக்கத்தில் 'சுத்த சைவம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அந்தப் பாட்டி வெங்காயம்கூடத் தொடாதவர். டப்பாவில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள் என்று நாலு வார்த்தை எழுத இடமில்லையா? விலையைப் பார்த்து நான் ஃபெட்டா வாங்காமல் வந்ததே நல்லதாகப் போயிற்று.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது அந்த 'ஐந்தே நிமிடம்'. உங்கள் பத்திரிகையில் முப்பது வருடமாக எல்லாமே ஐந்து நிமிடம், பத்து நிமிடம்தான். அடுத்த ஞாயிறு நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன். தர்பூசணியைக் கழுவி, பிளந்து, தோல் சீவி, விதை பொறுக்கி, துண்டு போடவே இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. அன்னாசியின் கண்ணை எடுக்கப் பதினைந்து. புதினா ஆய்ந்து அலசி உதறி, பனீர் நறுக்கி, பாத்திரம் கழுவிக் குப்பையைக் கட்டி வைக்கும்போது ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஐந்து நிமிடம் என்று எழுதியவர் நறுக்கிய பழத்தை யாரிடமிருந்து வாங்கினார்?

என் கணவரும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார். ஆபீஸ் போய்க்கொண்டிருந்த காலத்திலும், "போட்டிருக்கானே, அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று சொல்லிவிட்டு நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அச்சில் இருந்ததைப் படித்தார். அந்த ஐந்து நிமிடத்துக்காக அடுப்படியில் நான் நின்ற நேரத்தைக் கூட்டினால் எத்தனை வருடம் வரும்? "ஹாயாக உட்கார்ந்து" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது நான் சமையலறையில் அந்தச் சிவப்புத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தேன்.

முன்பெல்லாம் உங்கள் சமையல் பக்கத்தில் எழுதுகிற வாசகியின் பெயரும் ஊரும் இருக்கும். அவர் வீட்டில் அதை அவர் செய்கிறார் என்று படிக்கும்போதே தெரியும். ஒரு திருநெல்வேலி அம்மா எழுதிய நார்த்தங்காய்ப் பச்சடியை நான் இன்றைக்கும் அதே அளவில் செய்கிறேன், ஒரு முறைகூடத் தவறியதில்லை. இப்போது பெயரும் இல்லை, ஊரும் இல்லை. 'உப்பு - தேவையான அளவு', 'சீஸ் - சிறிது' என்றுதான் இருக்கிறது. படத்தில் கறுப்பு ஆலிவ் இருக்கிறது, பொருட்கள் பட்டியலில் இல்லை. அந்தப் படம் எங்கிருந்து வந்ததென்று உங்களுக்குத்தான் தெரியும்.

குறை மட்டும் சொல்லி நிறுத்த மனமில்லை. மூன்று ஞாயிறு செய்து பார்த்ததில் சரியாக வந்தது இது. தர்பூசணித் துண்டு ஓர் அங்குலத்துக்குச் சின்னதாக இருக்கக் கூடாது, நாலு கப் எடுத்து வடிதட்டில் போட்டு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். 100 கிராம் பனீரைச் சின்னத் துண்டாக்கி, ஒரு கப் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் குவிய உப்பும் அரை மூடி எலுமிச்சையும் விட்டு முந்தின இரவே ஊறப் போட்டால் பனீரில் உப்பு ஏறும். மாம்பழம் வேண்டுமென்றால் ஹாபூஸ் வேண்டாம், கெட்டியான கிளிமூக்கு போதும். அன்னாசியே வேண்டாம். எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்திருந்து, வந்தவர்கள் கைகால் கழுவி உட்கார்ந்த பிறகு கலந்து, புதினாவைக் கையால் கிள்ளிப் போட்டு, மிளகு தூவிக் கொடுக்க வேண்டும். தனியாக உப்புப் போடக் கூடாது. இதற்கும் ஒரு மணி நேரம் ஆகும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், அதே சமையல் பக்கத்தில், அதே எழுத்து அளவில் ஒரு வரி போடுங்கள்: "இந்த சாலட்டைப் பரிமாறும் நேரத்தில்தான் கலக்க வேண்டும், நறுக்க ஒரு மணி நேரம் ஆகும்."

கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம். சம்பந்தி வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
முப்பது வருட வாசகி,
மாட்டுங்கா, மும்பை.