எதுகை அல்ல, இயைபு

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஆங்கிலக் கவிதைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் 'பெர்ல்' கவிதைக்கும் இடம் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் அதில் அடிகளின் கடைசியில் ஒலி ஒத்துவருவதை 'எதுகை' என்று எழுதியிருக்கிறார்கள். எதுகை அடியின் தலையில், இரண்டாம் எழுத்தில் அமைவது. கடைசியில் ஒத்துவந்தால் இயைபு. பள்ளிப் பாடத்திலேயே படித்ததுதான்; ஆனாலும் 'ரைம்' என்றதும் கை தானாக எதுகை என்று எழுதிவிடுகிறது!

இரண்டு வயதுகூட நிரம்பாத மகளைப் பறிகொடுத்தவன் அவளைத் தொலைந்த முத்தாக எண்ணிப் புலம்பும் நீள்கவிதை 'பெர்ல்' (முத்து). 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. பாடலுக்குப் பன்னிரண்டு அடி, மூன்றே இயைபு. அதில் ஒன்று மட்டும் ஆறு அடிகளில் வரும். அடிக்கு நாலு அழுத்தம், அதாவது அழுத்திச் சொல்லும் அசை. அசையை எண்ணினால் கணக்கு உதைக்கும், வாய்விட்டு வாசித்தால் சரியாக விழும். முதல் அடியிலேயே பெர்ல், பிளெசான்டெ, பிரின்சஸ், பயெ என்று மோனை வரிசைகட்டி நிற்கிறது.

'சில சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன' என்று கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போனதுதான் எனக்குப் பெரிய குறை. ஐயா, அது அந்தாதி! முதல் பாடல் 'ஸ்பாட் இல்லாத முத்து' என்று முடிகிறது. அங்கே ஸ்பாட் என்றால் கறை. அடுத்த பாடலின் முதல் அடியில், முத்து கைநழுவிப் போன 'அந்த ஸ்பாட்'. இப்போது அது இடம். ('ஸ்பாட்டுக்கு வந்துட்டேன்' என்று நாம் போனில் சொல்கிறோமே, அதே சொல்தான்.) ஒரே சொல் வேறு பொருளில் திரும்பி வருவதற்குச் சொற்பின்வருநிலையணி என்று நம்மிடம் பெயரே உண்டு.

ஐந்து பாடல்கள் இப்படி ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போகும். அப்புறம் வேறு சொல். இருபது பகுதிகளில் பதினைந்தாவதில் மட்டும் ஆறு பாடல்கள், ஆக மொத்தம் 101. கடைசி அடியில் முதல் அடியின் 'பெர்ல்', 'பயெ' இரண்டும் திரும்பி வருகின்றன. 'உதிக்கின்ற' என்று தொடங்கி 'உதிக்கின்றவே' என்று அபிராமி அந்தாதி முடிகிறதே, முடிவு தொடக்கத்தோடு வந்து சேரும் அதே மண்டலிப்பு. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார் என்று சொல்லவரவில்லை. பெயர் கையில் இருக்கும்போது சுற்றி வளைப்பானேன் என்பதுதான்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் ஒரு பாடலையாவது அதன் பழைய ஒலிப்போடு தமிழ் எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
மயிலாடுதுறை