வடகிழக்கே போன அம்பு: தமிழ் ஐயாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். முட்டிவலி தேவலையா? உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டாஃப் ரூமில் எத்தனை தடவை உங்களிடம் அலுத்துக்கொண்டிருப்பேன்! "பத்தாவது வந்தும் ஒரு பத்தியைப் படிச்சுப் புரிஞ்சுக்கத் தெரியலையே, தமிழ் பீரியட்ல என்னதான் நடக்குது?" நீங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரிப்பீர்கள். ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

போன வாரம் பத்தாம் வகுப்பில் பருவமழைப் பாடம். வழக்கம்போல ஆளுக்கொரு பத்தி வாசித்தார்கள். தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் கொஞ்சமும் திக்காமல் வாசித்தான். பிறகு படம் வரையச் சொன்னேன். வடகிழக்குப் பருவக்காற்றுக்கு அவன் போட்ட அம்பு கடலூரில் கிளம்பி, வங்காள விரிகுடாவைக் குறுக்காகக் கடந்து வடகிழக்கே போய்க்கொண்டிருந்தது. மற்ற நோட்டுகளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் அதே அம்பு. தமிழ்நாட்டு மழையில் ஏறக்குறைய பாதியைக் கொண்டுவரும் காற்றை என் பிள்ளைகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்!

எனக்குக் கோபம். "உங்க அப்பா கடலுக்குப் போறவர்தானே? கார்த்திகையில காத்து எங்கேருந்துடா வரும்?"

"வாடைக்காத்து மிஸ். வடக்கேருந்து வரும்."

காற்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்தான் புரியவில்லை.

போர்டில் 'கடற்காற்று' என்று எழுதிக் கேட்டேன். "கடல்லேருந்து வர்ற காத்து." 'நிலக்காற்று'? "நிலத்துலேருந்து." அப்படியே விரலை 'வடகிழக்கு'க்கு நகர்த்தினேன். கடைசி பெஞ்சில் யாரோ "அடச்சே!" என்றார்கள். ரப்பர் தேடும் சத்தம் கேட்டது.

சொற்களுக்கு நடுவே மறைந்திருப்பதை வெளியே கொண்டுவந்து, 'கடலிலிருந்து வரும் காற்று' என்பதுபோல வேற்றுமைத் தொகையை விரித்து எழுதச் சொல்லி நீங்கள் பாடாய்ப் படுத்துவீர்களே, அதுதான் இது. தமிழ்ப் பரீட்சையில் அவர்கள் அதை ஒழுங்காக எழுதி மார்க்கும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் சமூக அறிவியல் புத்தகத்திலும் தொகைகள்தான் நிறைந்திருக்கின்றன என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான். புவியியலின் சொல்லை விரித்துக் காட்ட உங்களை எதிர்பார்த்தது என் சோம்பேறித்தனம்.

இப்போது பாடம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம், மூன்றே சொற்களைப் போர்டில் விரிக்கிறோம். 'மழை மறைவுப் பகுதி'க்கு ஒரு பெண் சொன்ன பொருள்: "மழைக்கு ஒதுங்குற இடம்." எனக்குச் சிரிப்பு வந்தாலும் அவள் சொன்னதில் என்ன தப்பு? மலை மறைப்பதால் மழை எட்டாத பக்கம் என்று விரித்த பிறகுதான், தென்மேற்குப் பருவக்காலத்தில் நமக்கு ஏன் மழை குறைவு என்பதே பிடிபட்டது.

'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' இன்னும் மோசம். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது டிவியில் 'ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று ஓடியதைப் பார்த்து, தாழ்கிறது, அப்படியென்றால் அடங்குகிறது என்று நினைத்தானாம் ஒருவன். தாழ்ந்தது அழுத்தம், காற்றின் வேகம் இல்லை. தாழ்வு மண்டலத்தில் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர், ஆழ்ந்தால் 50 முதல் 61, 62-ஐத் தொட்டால் புயல். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு என்றால் என்ன பொருள் என்று எனக்கே பாடம் எடுப்பவன் அவன்! செய்தியின் ஒரு வரி அவனைக் கவிழ்த்துவிட்டது.

நீண்ட வாக்கியங்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். கடைசியில் இருக்கும் வினைமுற்றுக்கு முதலில் அடிக்கோடு. பிறகு 'எது?' என்று கேட்டுக்கொண்டே அங்கிருந்து வாக்கியத்தின் தொடக்கத்தை நோக்கிப் பின்னோக்கி வருவது. பாடம் முடிய ஒரு பீரியட் கூடுதலாகிறது. போர்ஷன் முடியவில்லை என்று ஹெச்.எம். முறைக்கிறார். முறைக்கட்டும்.

ஒரு சந்தேகம் ஐயா. 'வடகிழக்குப் பருவக்காற்று' ஐந்தாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகைதானே? போர்டில் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறேன். தப்பென்றால் திங்கட்கிழமைக்குள் போன் பண்ணிச் சொல்லுங்கள், அழித்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து நாற்காலி சமூக அறிவியல் டீச்சர்