தொடுவானம் எத்தனை மைல்? கப்பலேறப்போகும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜில் நின்றால் தெரிகிற அந்தக் கோடு எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தாய். கடல் ஒன்றுதான், கோடு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. உன் கண் தண்ணீருக்கு மேல் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், மீதி சின்னக் கணக்கு.

கண்ணின் உயரத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 2.08-ஆல் பெருக்கு, வருவது கடல் மைல் (1.852 கிலோமீட்டர்). இனி மைல் என்று எழுதுவதெல்லாம் அதுதான். மனக்கணக்காகப் போடுவதென்றால் மூலத்தை இரட்டித்து, 25-க்கு 1 வீதம் கூட்டிக்கொள். மெரினாவில் கால் நனைய நிற்பவருக்குக் கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் இரண்டரை மைல்தான், கிலோமீட்டரில் 4.7. பதினாறு மீட்டர் உயரத்துக்கு 8.3 மைல். பூமியின் வளைவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 2.08-க்குப் பதில் 1.93 வரும். காற்று ஒளியைச் சற்றே கீழ்நோக்கி வளைத்துக் காட்டுவதால் கிடைக்கும் லாபம் அது.

சூத்திரத்தில் யாரும் தவறுவதில்லை, உயரத்தில்தான் தவறுகிறார்கள். கப்பலின் வரைபடத்தில் இருப்பது கீலிலிருந்து, அதாவது கப்பலின் அடிப்பாகத்திலிருந்து, பிரிட்ஜ் தளம் வரையான உயரம். அதோடு உன் கண்மட்டத்தைக் கூட்டி, அன்றைய டிராஃப்டை, அதாவது கப்பல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழத்தை, கழிக்க வேண்டும். கீலிலிருந்து கண் 38 மீட்டர் என்று வைத்துக்கொள். சரக்கு ஏற்றி 12 மீட்டர் டிராஃப்டில் போனால் உயரம் 26, தொடுவானம் 10.6 மைல். இறக்கிவிட்டு பேலஸ்டில், அதாவது சரக்குக்குப் பதில் எடைக்காக நீர் மட்டும் நிரப்பி, 6 மீட்டரில் போனால் உயரம் 32, தொடுவானம் 11.8 மைல். சூரியனோ நட்சத்திரமோ கோட்டுக்கு மேல் எத்தனை கோணத்தில் இருக்கிறது என்று அளக்க செக்ஸ்டன்ட் பிடிக்கும்போது இது இன்னும் கடிக்கும். தொடுவானத் தாழ்வு, அதாவது டிப், என்பது கண்மட்டத்துக்குக் கோடு எத்தனை கோணம் கீழே இருக்கிறது என்பது. மூலத்தை 1.76-ஆல் பெருக்கினால் அது மினிட்டில் வரும் (60 மினிட் ஒரு டிகிரி). முதல் நிலையில் 9, அடுத்ததில் 10. பழைய உயரத்தையே வைத்துக்கொண்டால் உன் பொசிஷன் லைன், அதாவது கப்பல் இருக்குமிடத்தைக் குறிக்க நீ வரையும் கோடு, ஒரு மைல் தள்ளி விழும்.

கலங்கரை விளக்கம் எத்தனை மைலில் தெரியும் என்பதற்கு இரண்டு உயரங்களின் மூலங்கள்: விளக்கினுடையது ஒன்று, உன்னுடையது ஒன்று. கூட்டி 2.08-ஆல் பெருக்கு. சென்னை விளக்கின் ஒளி கடல்மட்டத்துக்கு மேல் 57 மீட்டரில் இருக்கிறது, வீச்சு 28 மைல். அந்த 28 ஒளியின் வலிமையைச் சொல்வது, வளைவைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. 26 மீட்டர் கண்ணுக்கு விளக்கு 26.3 மைலில்தான் கோட்டுக்கு மேல் எழும். அதற்கு முன் தெரிவது வானத்தில் படும் வெளிச்சம் மட்டுமே, அதை வைத்துத் தூரம் குறிக்காதே. விளக்கே ஒரு புள்ளியாக எழும் நொடியில் ஒருமுறை குனிந்து பார். மறைந்து, நிமிர்ந்தால் திரும்ப வந்தால், அதுதான் நீ கணக்கிட்ட தூரம். அப்போதும் இரண்டு மைல் முன்பின் இருக்கலாம் என்றே வைத்துக்கொள். குளிர்ந்த நீர்மேல் வெதுவெதுப்பான காற்று அசையாமல் நின்றால் விளக்கு முன்னதாகவே தெரிந்துவிடும். வெதுவெதுப்பான நீர்மேல் குளிர்காற்று இருந்தால் தாமதமாகும்.

இனி, படகுகள். இதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். அதே 26 மீட்டரிலிருந்து பார்த்தால், ஒரு மைலில் உள்ள படகு கோட்டுக்குக் கீழே 40 மினிட்டில் இருக்கும், கை நீட்டிப் பிடித்த சுண்டுவிரலின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு மைலில் 16 மினிட், சூரிய வட்டத்தில் பாதி. ஐந்து மைலில் 3 மினிட்தான்! தொடுவானத்துக்குப் பாதி வழியில் இருக்கும் ஃபைபர் படகு கோட்டிலேயே ஒட்டியிருப்பதுபோல் தெரியும். "தொடுவானத்தில்தானே இருக்கிறது, இன்னும் பத்து மைல்" என்று நினைத்தால், 15 நாட் (மணிக்கு 15 மைல்) வேகத்தில் 20 நிமிடத்தில் அதன்மேல் நிற்பாய். வலை விரித்திருப்பவர்களால் சட்டென்று விலக முடியாது. ஆகவே கோட்டில் ஒட்டிய படகை ஐந்து மைலில் இருப்பதாகவே எடுத்துக்கொள், உடனே ரேடாரில் சரிபார்.

படகிலிருந்து பார்ப்பவருக்கு வேறு சிக்கல். கண் 2 மீட்டரில் இருக்கையில் எதிரே எழும் அலையின் முகடே தொடுவானமாகிவிடும். படகு அலைமேல் ஏறி நிற்கும் நொடியில் மட்டும் பார்த்தால்தான் உண்மைக் கோடு தெரியும்.

மூட்டம் உள்ள நாளில் நீ பார்க்கும் கோடு தொடுவானமே அல்ல, மூட்டத்தின் விளிம்பு. பார்வைத்தூரம் 6 மைல் என்றால் 10.6 மைல் கோடு தெரிய வழியில்லை. அப்போது கீழ்த்தளத்துக்கு இறங்கு. கண் 7 மீட்டருக்கு வந்தால் தொடுவானம் ஐந்தரை மைலுக்குள் வந்து கூர்மையாகும். டிப்பையும் அந்த உயரத்துக்கே மாற்றிக்கொள்.

துறைமுகம் விட்டுக் கிளம்பியதும் இரண்டு எண்ணை ஒரு அட்டையில் எழுதி பிரிட்ஜ் கண்ணாடி அருகே வை: இன்றைய கண் உயரம், இன்றைய தொடுவானம். அடுத்த துறைமுகத்தில் சரக்கு மாறியதும் பழைய அட்டையைக் கிழித்துவிடு.

அன்புடன்,
அண்ணன்