முழத்துக்குக் கொஞ்சம் குறைவு

அன்புள்ள மகனுக்கு,

போன வாரம் போனில் நீ கேட்டதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. "நீ குரல் கொடுத்த அந்த ரேடியோ நாடகத்துல வர்ற பையன் நான்தானேம்மா?" என்றாய். சிரித்து மழுப்பிவிட்டேன். ஆமாம், நீதான்.

சிறுவன் பாத்திரத்துக்குப் பெண்களைப் பேசவைப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். நிஜப் பையனைப் போட்டால் தொடர் பாதியில் இருக்கும்போதே மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிடும். நான்சி கார்ட்ரைட் 1987-இலிருந்து பார்ட் சிம்ப்சன் என்ற கார்ட்டூன் பையனுக்குக் குரல் கொடுக்கிறார். பையனுக்கு இன்னும் பத்து வயதுதான். எனக்குக் கிடைத்தவனுக்கு எட்டு. உனக்கும் அப்போது எட்டு.

குரலை மெலிதாக்கினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டைரக்டர், "பொம்மை பேசுற மாதிரி இருக்கு" என்றார். அப்புறம்தான் உன்னைக் கவனிக்க ஆரம்பித்தேன். பெரியவர்கள் வாக்கியம் முடிகிற இடத்தில் மூச்சு வாங்குவார்கள். நீ மூச்சு தீர்ந்த இடத்தில் வாங்குவாய், அது சொல்லுக்கு நடுவே என்றாலும். பொய் சொல்லும்போது கடைசிச் சொல்லை விழுங்குவாய். அழுது ஓய்ந்ததும் "இல்லையே" என்பதை மூக்குக்குள்ளேயே சொல்வாய். எல்லாவற்றையும் வசனத்தாளில் பென்சிலால் சாய்கோடு போட்டுக் குறித்துக்கொண்டேன்.

ஒருநாள் நீ உள்ளே அழுதுகொண்டிருந்தாய். நான் வராமல் கதவோரம் நின்று கேட்டேன். அரை நிமிஷம் இருக்கும். மறுநாள் பதிவில் அந்த அழுகையை எல்லாரும் பாராட்டினார்கள். அதை உன்னிடம் எப்படிச் சொல்ல?

சில வருஷத்தில் உன் குரல் ஒரு ஸ்தாயி கீழே போயிற்று. அவன் மட்டும் எட்டு வயதிலேயே நின்றான். பிறகு என் முறை. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்குக் குரல்நாண் தடித்துச் சுருதி இறங்கும். பையன் என் தொண்டையை விட்டே போய்விட்டான். சரி, வாசிப்புக்கு வந்தேன். இப்போது புத்தகம் படிக்கிறேன், ஆவணப்படத்துக்குப் பின்னணி பேசுகிறேன். ஒரு மணி நேர ஒலிக்கு இரண்டு மணிக்குக் குறையாமல் உட்கார வேண்டும். வயிறு உறுமினால்கூட மறுபடி அந்த வரியிலிருந்து. நாடகத்தில் எதிரே பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பார். இங்கே மைக் மட்டும்தான். எனக்கு நாடகம்தான் பிடிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பள்ளி விடுமுறையில் உன்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன், ஞாபகமிருக்கிறதா? பதிவு முடிந்ததும் யாரும் அசையாமல் அரை நிமிஷம் வெறும் அமைதியைப் பதிவார்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு தனி அமைதி உண்டு. வசனத்தை வெட்டிய இடத்தில் அதைத்தான் நிரப்ப வேண்டும். வெற்று ஒலிநாடாவை வைத்தால் கேட்கிறவர்களுக்கு ரேடியோ நின்றுவிட்டது போலிருக்கும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த நீ, இருபது விநாடி பொறுத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாய். பொறியாளர் கோபித்துக்கொள்ளவில்லை. நாடாவில் பென்சிலால் இரண்டு இடத்தில் குறித்து, பிளேடால் சாய்வாக வெட்டினார் (நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் 'டொக்' என்று கேட்கும்). துண்டு கீழே விழுந்தது. எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நாடா விநாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடும். இரண்டு விநாடிக்கு 38. முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் தொடர் முழுக்க இருப்பது உன் அழுகை, ஆனால் என் தொண்டை. இந்தத் துண்டில் மட்டும் எல்லாமே நீ.

கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அட்டையில் சுற்றியிருக்கிறது, மடிக்காதே. மடிப்பு விழுந்த இடத்தில் ஒலி விட்டுப்போகும். ஓட்டுகிற மெஷின் யாரிடமாவது கிடைத்தால், முன்னும் பின்னும் வேறு நாடா ஒட்டித்தான் போட வேண்டும். ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேள்.

அம்மா