டெல்டாவுக்குக் கணினியில் பயிர் மாடல் போடுகிறவர்களுக்கு

ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம்.

அன்றைக்குக் கூட்டத்தில் காவிரி டெல்டா வரைபடத்தைத் திரையில் போட்டீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் முழுக்க இளம்பச்சை. குறுவையை, அதாவது ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்லை, குறைத்தால் தண்ணீர் மிச்சமாகும், அடுத்து வரும் சம்பா நெல்லுக்குப் பின்னால் உளுந்துப் பரப்பைக் கூட்டலாம், கணினி மாடல் சொல்கிறது என்றீர்கள். எனக்குக் கணினி மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஐப்பசி மேகத்தைத் தாண்டியும் ரேடார் செயற்கைக்கோள் வயலைப் பார்க்கிறதே, அது பெரிய விஷயம்தான். ஆனால் 2023 முதல் நெல் காப்பீட்டு மகசூல் கணக்கில் செயற்கைக்கோள் போன்ற தொழில்நுட்ப மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சதவீத இடம் கொடுத்திருக்கிறார்கள், அதாவது நீங்கள் போடும் எண் எங்கள் வீட்டு அடுப்பு வரைக்கும் வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

மாடலில் விவசாயி எப்படிப் பயிரைத் தேர்ந்தெடுக்கிறார் என்று கேட்டேன். எதில் லாபமோ அதை, என்றார் உங்களில் ஒருவர். சரி, உளுந்தையே எடுத்துக்கொள்வோம். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது தெளிக்க வேண்டும். பதம் தவறினால் முளைக்காது, தண்ணீர் நின்றால் அழுகும். அறுப்பு இயந்திரம் என்றைக்கு வரும் என்று தெரியாமலேயே விதையைத் தெளித்துவிட்டு உட்கார்ந்திருப்போம். வண்டி நாலு நாள் தள்ளி வந்தால் முளைத்ததெல்லாம் சக்கரத்துக்கு அடியில். ஈரம் அதிகமென்றால் டயர் வண்டி புதையும், செயின் வண்டிதான் வேண்டும், அதற்கு வாடகை வேறு. இதில் லாபக் கணக்கு எந்த இடத்தில் வருகிறது? வண்டி வரும் நாளும் வடிகாலும்தான் முடிவு செய்கின்றன. கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்கும் வயலில் விலை குறைந்தாலும் சி.ஆர். 1009 என்ற நெல் ரகத்தைப் போடுவதும் இதே கதைதான்.

அப்புறம், அந்த 'விவசாயி' யார்? பட்டாக்காரர் சென்னையில் இருப்பார், சாகுபடி செய்பவர் வாய்மொழிக் குத்தகையில் இருப்பார், யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் அவர் பெயரே இருக்காது. அவர் உங்கள் கணக்கில் எந்தப் பக்கம்?

ஒரே ஒரு வேலை செய்யுங்கள். குறுவைக்கு மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2023-ல் தேதி தவறாமல் திறந்தும், வாய்க்கால் முடியும் கடைமடையில் குறுவை காய்ந்தது. 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. இந்த வருஷங்களை மாடலில் ஓட்டி, நாங்கள் எதைப் போட்டிருப்போம் என்று அது சொல்கிறதைப் பாருங்கள். பக்கத்திலேயே அந்தந்த வருஷம் நாங்கள் நிஜமாகப் போட்டதை வையுங்கள். எவ்வளவு விலகுகிறது என்பதையும், உள்ளே என்னென்ன அனுமானங்கள் வைத்தீர்கள் என்பதையும் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். அதற்குப் பிறகு குறுவையைக் குறைப்பதைப் பற்றிப் பேசலாம்.

நேரில் வருவதானால் தை கடைசியில் வாருங்கள், அப்போதுதான் உளுந்து தெளிப்போம். லேப்டாப்பையும் கொண்டு வாருங்கள், எங்கள் வீட்டுத் திண்ணையில் கரண்ட் உண்டு.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்