காணொலியை நிறுத்தத் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் பாடக் காணொலிகளுக்கான கியூஆர் குறியீடு இருக்கிறது. வகுப்பு நேரத்தில் அதைத் திறந்தால் திரையில் வட்டம் சுற்றுவதுதான் மிச்சம். அந்தக் குறியீட்டைத் திறக்கும் திக்‌ஷா செயலியில் முந்தைய நாளே காணொலியைப் பதிவிறக்கி வைப்பது நல்லது.

முழுதாக ஓடவிடுவதும் வீண். ல, ள, ழ பாடமென்றால் எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, நாக்கு எங்கே போகிறது என்று காட்டி, வால், வாள், வாழ் எனப் பிள்ளைகளைச் சொல்லவைக்க வேண்டும். செல்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். ஆசிரியர் வாயால் சொன்னால்தான் வேறுபாடு புரியும். தொடுதிரையில் விரலால் வரைந்தால் பென்சில் பிடி வராது. சிலேட்டை மூலையில் போட்டுவிடாதீர்கள்!

அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சிகளில் செயலியில் விவரம் ஏற்றுவதைவிட காணொலியை இப்படி நிறுத்தி நடத்தப் பழகுவதற்கு நேரம் ஒதுக்கலாமே.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர்