லாரி எங்கே போகிறது என்று பார், கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, தோப்புக்குப் போய் வருகிறார். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

நீ போனில் அனுப்பிய பசுமை வளாகத் திட்டத்தை நிதானமாக உட்கார்ந்து படித்தேன். குழுவில் உன் பெயரைப் பார்த்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உனக்குத் தெரிந்ததைச் சொல்லும்மா என்று கேட்டாய். பேச்சில் சொன்னால் பாதி போய்விடும். எழுத்தில் இருந்தால் நீ கூட்டத்துக்கே எடுத்துப் போகலாம்.

மரக்கன்று, மூன்று நிறக் கூடைகள், கூரையில் சோலார், பிளாஸ்டிக் பைக்குத் தடை, வாசலில் பெரிய பலகை. எல்லாம் நல்லதுதான். ஆனால் சென்னையில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பின்வாசல் வழியாகக் காலையில் வெளியே போகிற குப்பை லாரி எங்கே போய் நிற்கிறது? அந்தத் திட்டத்தில் ஒரு வரி கூட அதைப் பற்றி இல்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. வளாகம் சுத்தமா இல்லையா என்பது அந்த லாரி இறக்குகிற இடத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

நாம் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிறவர்கள், அதனால் இது எனக்கு முதலில் கண்ணில் படுகிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து கொட்டியது உனக்கு நினைவிருக்கும். ஊசி, ரத்தம் பட்ட பஞ்சு, நோயாளிகளின் சீட்டு எல்லாம் வயலோரத்தில் கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகு இங்கிருந்து லாரிகள் போய் அதைத் திரும்ப அள்ளி வந்தன. நான் அப்போது ஹரித கர்ம சேனையில், அதாவது வீடு வீடாகப் போய்க் குப்பை சேகரிக்கிற கேரளப் பெண்கள் குழுவில், பச்சைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் வாங்கிக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சியிலிருந்து சித்தி போன் செய்து, "உங்க ஊர்க் குப்பையை எங்க ஊருக்கு அனுப்பறீங்களே அக்கா" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு ஆஸ்பத்திரியின் தரை பளபளவென்று இருப்பதற்கு இன்னொரு ஊரின் வயல் விலை கொடுத்திருக்கிறது. வேலிக்குள் சுத்தம் என்பதை நான் அதற்கப்புறம் நம்புவதே இல்லை.

அதற்கு முன்பே நமக்குப் பக்கத்தில் பாடம் கிடைத்திருக்கிறது. பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000-ல் குளிர்பான ஆலை வந்தபோது நீ பிறக்கவில்லை. வேலிக்குள் நின்று பார்த்தால் ஒரு குறையும் தெரிந்திருக்காது. வெளியேதான் கிணறுகள் கெட்டன. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, குளித்தால் உடம்பு அரித்தது என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். ஆலையின் கசடை எரு என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். 2003-ல் அதைச் சோதித்தபோது காட்மியமும் ஈயமும் இருந்தது தெரிந்தது. மயிலம்மா மாதிரி எழுத்தறிவில்லாத ஆதிவாசிப் பெண்கள் 2002 ஏப்ரல் 22-ல் வாசலில் உட்கார்ந்தார்கள், 2004 மார்ச்சில் ஆலை நின்றது. யாராவது கழிவை இலவச உரம் என்று கொடுத்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிற பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்தது. உங்கள் ஆய்வகங்களிலிருந்து வருகிற கசடும் மிச்ச ரசாயனமும் எந்தத் தொட்டிக்குப் போகிறது, யார் எடுக்கிறார்கள் என்று நீயும் கேள். வேதியியல் படிக்கிறவள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சரி, வழி என்ன என்று கேட்பாய். ஆலப்புழையைச் சொல்கிறேன். அந்த நகரத்துக் குப்பையெல்லாம் சர்வோதயபுரம் என்கிற கிராமத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் லாரியை மறித்தார்கள். கொட்ட இடம் இல்லாமல் போனதும் 2012-லிருந்து நகரமே தன் ஈரக் குப்பையைத் தானே மக்க வைக்கத் தொடங்கியது. வீடுகளில் சமையல் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கிற கலன், தெருக்களில் உரத் தொட்டி. 2017-ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு குப்பையை நன்றாகக் கையாளும் ஐந்து நகரங்களில் ஒன்றாக அதைச் சொன்னது. லாரி நின்றதால்தான் அது நடந்தது. அதனால் எனக்கு ஒரு ஆசை. உங்கள் குழு ஒரு தேதி குறித்து, அன்று முதல் ஈரக் குப்பை ஒரு கிலோ கூட வாசலைத் தாண்டாது என்று எழுதி வைக்கட்டும். கூடையின் நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த உரத் தொட்டி ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்தது தெரியுமா? சாலக்குடிக்குப் பக்கத்தில் தும்பூர்முழியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மாட்டுப் பண்ணை இருக்கிறது. அங்கே இருந்த பேராசிரியர் பிரான்சிஸ் சேவியர் உருவாக்கியது. நாலடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம், நாலு பக்கமும் காற்றுப் போக இடைவெளி. அடியில் அரையடிக்குச் சாணி, மேலே அரையடிக்குக் காய்ந்த சருகு, அதன் மேல் சமையல் கழிவு, மறுபடியும் சாணி. உள்ளே சூடு 70 டிகிரி வரை ஏறும். கிளற வேண்டாம். நிரம்பிய பிறகு ஏறத்தாழ 90 நாள் விட்டால் உரம். ஒழுங்காக அடுக்கினால் நாற்றமும் வராது, கருப்புத் தண்ணீரும் வடியாது. நாற்றம் வந்தால் சருகு குறைவு என்று அர்த்தம், உடனே சருகு போடு.

இந்தச் சருகு விஷயத்தைக் கூட்டத்தில் அழுத்திச் சொல்லு. உன் வளாகத்தில் எவ்வளவு மரம் என்று போட்டோவில் பார்த்தேன். காலையில் கூட்டி மூலையில் குவித்துத் தீ வைக்கிறார்கள் என்று நீயே சொன்னாய். கண்ணு, உரத்துக்கு ரொம்ப வேண்டியதே அந்தச் சருகுதான். இங்கே பஞ்சாயத்துத் தொட்டிக்குச் சருகு கிடைக்காமல் நாங்கள் தோப்புத் தோப்பாக அலைகிறோம். கோடையில் சாக்கு சாக்காகச் சேர்த்து நனையாத இடத்தில் வைத்துவிட்டால் மழைக்காலம் முழுக்க வரும். எரிப்பதை நிறுத்த ஒரு பைசா செலவில்லை, நாளைக்கே செய்யலாம்.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளே நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வருகிற பல்கலைக்கழகங்களையும் விடுதிகளையும் தனியாகக் குறிப்பிட்டன. பிரித்துக் கொடுக்க வேண்டும், மக்குவதை முடிந்தவரை உள்ளேயே மக்க வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. 2026-ல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்திருக்கின்றன; யாராவது மாநகராட்சி பார்த்துக்கொள்ளும் என்றால் அவற்றைக் காட்டு. மாநகராட்சி எங்கே கொண்டுபோகும்? தென் சென்னைக் குப்பை இத்தனை வருடமாகப் பெருங்குடியில் குவிந்தது. அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-ல் அந்தச் சதுப்பை உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். பறவை பார்க்கிற உன் தோழிகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் லாரிக்குப் பின்னாலேயே போய்ப் பார். அதைப் பார்த்தவர்கள் யாரும் மெஸ்ஸில் சோற்றை மிச்சம் வைக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

உலர்ந்த குப்பை பற்றி நான் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை, என் கையே சொல்லும். ஹரித கர்ம சேனையில் எங்களுக்கு மாதம் வீட்டுக்கு 50 ரூபாய் கட்டணம். ஆரம்பத்தில் குப்பையும் கொடுத்து பணமும் கொடுக்கணுமா என்று கதவைச் சாத்தியவர்கள் நிறைய. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்துக் குப்பைமலை பற்றி எரிந்து ஊரே புகையில் மூச்சுத் திணறியதை டிவியில் பார்த்த பிறகுதான் பலருடைய பேச்சு மாறியது. வாங்கி வந்ததைக் கிடங்கில் கொட்டிப் பிரிக்கும்போது, கழுவிக் காயவைத்த பால் கவர் ஒரு பக்கம், சாம்பார் ஒட்டிய பார்சல் கவர் ஒரு பக்கம். முதலாவதற்கு விலை உண்டு. இரண்டாவதில் புழு இருக்கும், அதைப் பிரிக்கிறவளுக்குக் காய்ச்சல் வரும், கடைசியில் சிமென்ட் ஆலையில் எரிக்கத்தான் போகும். உள்ளே வெள்ளி மாதிரி மினுங்கும் சிப்ஸ் பாக்கெட்டை மறுபடியும் எதுவாகவும் ஆக்குவது ரொம்பக் கஷ்டம். அதனால் உங்கள் கேன்டீனில் அதை விற்காமல் இருப்பதே நல்லது. வேர்க்கடலையும் முறுக்கும் கண்ணாடி ஜாடியில் வைத்து விற்கட்டும், பிள்ளைகள் வாங்குவார்கள். மூன்று கூடை வைப்பதோடு பக்கத்தில் ஒரு குழாயும் வையுங்கள். கழுவ வழி இல்லாத இடத்தில் பிரித்துப் போடு என்று சொல்வது வீண்.

பெண்கள் விடுதி பற்றித் திட்டத்தில் எதுவும் இல்லை. ஆண்கள் அதிகம் இருக்கிற குழுவோ? நீ வெட்கப்படாமல் எழுப்பு. நாப்கின்தான் மிகக் கஷ்டமான குப்பை, அதைக் கையில் எடுக்கிறவளும் ஒரு பெண்தான். காகிதத்தில் சுற்றித் தனியாகப் போட ஒரு பெட்டி இன்றே வைக்கலாம். அப்புறம் நாப்கினுக்குப் பதிலாகக் கழுவித் திரும்பப் பயன்படுத்துகிற மாதவிடாய்க் கப் பற்றிச் சொல்லிக் கொடுங்கள். எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கிப் பஞ்சாயத்து 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத பஞ்சாயத்து என்று அறிவித்தது. ஆயிரக்கணக்கில் கப் கொடுத்து, எப்படிப் பயன்படுத்துவது என்று பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அது ஒத்துவரும் என்று நான் சொல்லமாட்டேன், கட்டாயப்படுத்தவும் கூடாது. சொல்லிக் கொடுக்க ஒரு டாக்டரம்மா வந்தால் போதும், பிள்ளைகள் தாங்களே முடிவு செய்வார்கள்.

சோலார் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 2015-லேயே நெடும்பாசேரி விமான நிலையம் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது, உங்களாலும் முடியும். பணம் இருந்தால் நடக்கிற காரியம் அது. மரக்கன்றும் அப்படித்தான். நட்ட பிறகு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவர் பெயரைத் திட்டத்தில் எழுதச் சொல்லு. பெயர் எழுத முடியாத கன்றை நட வேண்டாம்.

தண்ணீருக்கும் லாரிக் கேள்விதான். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது டேங்கர்கள் சுற்றுக் கிராமத்துக் கிணறுகளிலிருந்துதான் ஓடின. உங்கள் விடுதிக்கு வருகிற டேங்கர் எந்த ஊரில் நிரப்புகிறது, அந்த ஊர்க்காரர்களுக்குக் கோடையில் குடிக்க இருக்கிறதா என்று பார். சுத்திகரிப்பு இயந்திரம் தள்ளிவிடுகிற தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போகாமல் கழிவறைக்கும் தரை துடைக்கவும் போகக் குழாய் திருப்பினாலே ஒரு டேங்கர் குறையலாம்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் மனசில் அழுத்துகிறது. உன் குழுப் பட்டியலில் பேராசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், பொறியாளர் எல்லோரும் இருக்கிறார்கள். கூட்டுகிறவர்கள் யாரும் இல்லை. 2024 ஜூலையில் திருவனந்தபுரத்து ஆமயிழஞ்சான் ஓடையில் குப்பை எடுக்க இறங்கிய ஒரு தொழிலாளி அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். ஊரெல்லாம் எறிந்த குப்பை அது. அந்தச் செய்தி வந்த நாள் எங்கள் கிடங்கில் யாரும் பேசவே இல்லை, கை மட்டும் பிரித்துக்கொண்டிருந்தது. எந்த விடுதியில் எந்த நாள் சோறு அதிகம் மிஞ்சுகிறது, எந்த ஆய்வகத்து மூட்டையில் கண்ணாடி குத்தும், எந்த மாடியில் பிள்ளைகள் ஒழுங்காகப் பிரிக்கிறார்கள் என்று உங்கள் கூட்டுகிற அம்மாக்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்காமல் போட்ட திட்டம் காகிதத்தோடு நிற்கும். நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் அவர்களில் இரண்டு பேரைக் குழுவில் சேர்க்கச் சொல்லு. கூட்டம் அவர்கள் வேலை நேரத்திலேயே நடக்கட்டும், அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. அவர்கள் ஒப்பந்தக்காரர் வழியாக வேலை செய்கிறவர்கள் என்றாய். அப்படியானால் கையுறை, பூட்ஸ், தடுப்பூசி யார் கொடுக்கிறார்கள் என்பதையும் திட்டத்தில் ஒரு பக்கமாக எழுதுங்கள். அவர்களை அக்கா என்று கூப்பிடு, பெயர் கேட்டுத் தெரிந்துகொள். பேச்சு கொஞ்சம் கொச்சையாக இருந்தாலும் அப்படியே குறிப்பில் எழுதிக்கொள், திருத்தாதே.

தொட்டி கட்ட முடிவானால் முன்கூட்டியே சொல்லு. எங்கள் குழுவில் தொட்டி அடுக்கத் தெரிந்த இரண்டு பேர் ஓணம் விடுமுறையில் வரத் தயார் என்கிறார்கள், நானும் வருகிறேன். சாணிக்கு அங்கே மாடு வைத்திருக்கிறவர்களை விசாரித்து வை. கூட்டம் முடிந்ததும் எனக்கு எழுது. முக்கியமாக, கூட்டுகிற அக்காக்கள் என்ன சொன்னார்கள் என்று எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா